கீழ்த்தொட்டிப் பாசி

தண்ணீர் இடமிருந்து வலமாக ஓடிக்கொண்டிருந்தது. பாசி மட்டும் இடப்பக்கத்துக் கண்ணாடியோடு ஒட்டிக் கிடந்தது.

யாழினி சோபாவில் ஒருக்களித்துப் படுத்தபடி வெகுநேரமாக அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். வெயில் பட்டால் தொட்டிக் கண்ணாடியில் அழுக்கு படரும் என்று அவள் கணவன் வளவன் கூடத்து ஜன்னல்களையெல்லாம் தடித்த திரை போட்டு அடைத்திருந்தான். வெளியே ஸ்ரீரங்கத்து வெயில் காய்ந்துகொண்டிருந்த அந்த முற்பகலிலும் வீட்டுக்குள் அந்தி நேரத்து மங்கல்தான். மேலே பெரிய தொட்டி விளக்கணைந்து கறுப்பாக நின்றது. அதற்குக் கீழே, மர அலமாரியின் பாதி திறந்த கதவு வழியாக, உள்ளே இருந்த சிறிய கண்ணாடித் தொட்டியின் ரோஸ் நிற வெளிச்சம் தரையில் வழிந்து, அவள் நைட்டியின் விளிம்புவரை வந்து நின்றது. மோட்டார் ஒரே சுருதியில் முனகியது. மேல்தொட்டியிலிருந்து குழாய் வழியே இறங்கிய தண்ணீர் சளசளத்து, குமிழிட்டு, வலப்பக்கத் தடுப்பைத் தாண்டி வழிந்தது. அந்த ஓட்டத்தில் தேங்காய் அளவுள்ள ஒரு பச்சை உருண்டை எங்கே போய் முட்டிக்கொண்டு நிற்க வேண்டுமோ, அங்கே அது இல்லை. அவள் தலை வைத்திருந்த பக்கம் இருந்தது.

எழுந்து சமையலறைக்குப் போய் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள். வந்து பார்த்தால், பாசி வலப்பக்கத் தடுப்பில், அது இருக்க வேண்டிய இடத்தில் நின்றது. தூக்கக் கலக்கத்தில் மாற்றிப் பார்த்திருப்போம் என்று நினைத்துக்கொண்டு பழையபடி சாய்ந்தாள். சமையலறையும் வலப்பக்கம்தான் என்பது அவளுக்கு உறைக்கவில்லை.

கண்ணை மூடித் திறந்தாள். பாசி இடப்பக்கம் வந்திருந்தது. அதன் நூல்கள் ஓட்டத்தில் வலப்பக்கமாகத்தான் பறந்தன. எதிர்க்காற்றில் ஒருத்தி நடந்து வரும்போது முடி பின்னால் பறக்குமே, அந்த மாதிரி.

தொண்டைக்குள் புளித்த எச்சில் ஊறியது. ஓடிப்போய் வாஷ்பேசினைப் பிடித்துக்கொண்டாள்.

அவளுக்கு இது ஆறாம் மாதம். வாந்தியெல்லாம் நின்று வெகுநாளாகியிருந்தது.

வளவனுக்குக் காட்டூரில் வேலை. வீட்டு வரைபடம் போட்டுத் தரும் ஓர் அலுவலகம். பகலெல்லாம் அடுத்தவர் வீட்டுக்குக் கழிவறை எங்கே, படிக்கட்டு எங்கே என்று கோடு போட்டுவிட்டு வருகிறவனுக்கு, தன் வீட்டுக் கூடத்தில் ஒரு துண்டுக் கடல் வேண்டும் என்று பல வருஷத்து ஆசை. அந்த ஆசையை யாழினி தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தாள். இந்தக் குழந்தை தங்கி, மூன்றாம் மாதம் தாண்டியதும், இனி எது கேட்டாலும் மறுக்க மாட்டாள் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. தொட்டி வந்தது. உப்பு மூட்டை வந்தது. ஓட்டை ஓட்டையான பாறைகள் வந்தன. இரண்டு மீன்கள் வந்தன. மேல்தொட்டியின் கழிவைச் சுத்தம் செய்ய அலமாரிக்குள் கீழ்த்தொட்டி வந்தது. கடைசியாக அந்தப் பாசி வந்தது.

கொண்டுவந்தவன் இம்தியாஸ். உறையூர்ப் பக்கம் மீன் கடை வைத்திருப்பவன். பாலிதீன் பையைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டினான்.

“சார், இதுக்குப் பேரு கீட்டோ. வேர் கெடையாது, எலை கெடையாது, வெறும் நூலு. புது டேங்க்ல கழிவு சேரும் பாருங்க, அதை இது தின்னுக்கும். தின்னுட்டு சும்மா கெடக்கும்.”

“வீட்டுல ஏற்கெனவே ஒருத்தர் அப்படித்தான் இருக்காரு,” என்றாள் யாழினி.

“பாருங்க பாய், பாசி வந்தவுடனே என் மதிப்பு எங்க போயிடுச்சுன்னு,” என்று வளவன் சிரித்துக்கொண்டே பையை வாங்கினான்.

“ஒண்ணு சார். போடுறதுக்கு முன்னாடி நல்ல தண்ணி பக்கெட்ல கொஞ்ச நேரம் முக்கி வைங்க. கடல்லேர்ந்து அப்படியே வந்தது. உள்ள புழு, நண்டுக்குஞ்சு, என்னென்னவோ ஒண்டியிருக்கும். நல்ல தண்ணி பட்டா எல்லாம் செத்து அடியில விழுந்துரும்.”

“வேணாங்க,” என்றாள் யாழினி.

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“கண்ணுக்கே தெரியாததுங்க அக்கா அதெல்லாம்,” என்றான் இம்தியாஸ்.

“கண்ணுக்குத் தெரியாததுக்கு உயிர் இல்லையா?”

அவள் கை வயிற்றின் மேல் இருந்தது. அவள் அப்படிச் சொன்ன காரணம் வளவனுக்குத் தெரியும்.

போன தடவை, நாலாம் மாதத்தில், எலித் தொல்லை தாங்காமல் அவன் பசை அட்டை வாங்கி வைத்தான். விடிந்து பார்த்தால் ஒரு தாய் எலியும் கண் திறக்காத குஞ்சுகளும் மொத்தமாக ஒட்டிக் கிடந்தன. தாய்க்கு வயிறு ஏறி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அட்டையை அப்படியே மடித்து, பையில் போட்டு, குப்பை வண்டியில் கொடுத்துவிட்டான். அந்த வாரமே யாழினிக்குக் கலைந்துவிட்டது. “புள்ளத்தாச்சி இருக்கிற வீட்டுல ஆம்பளை உயிரெடுக்கக் கூடாதுன்னு உங்களுக்கு யாரும் சொல்லலையா மாப்பிள்ளை?” என்று கேட்டாள் அவள் அம்மா சந்திரம்மாள். டாக்டர் சொன்ன காரணம் வேறு. டாக்டர் சொன்னதை யாழினி கேட்டுக்கொண்டாள். அம்மா சொன்னதை நம்பினாள். அதற்கு முந்தையது கலைந்ததற்குக்கூட வளவன் எதைக் கொன்றிருப்பான் என்று படுத்துக்கொண்டு யோசித்தாள். இந்தத் தடவை அந்த வீட்டில் கொசுவத்திகூடக் கொளுத்தவில்லை. கரப்பான் பூச்சியை முறத்தில் ஏந்தி, மாடிப்படி இறங்கிப்போய் விட்டுவிட்டு வந்தார்கள்.

“முக்கலைன்னா என்ன ஆகும் பாய்?” என்று வளவன் கேட்டான்.

“ஒண்ணும் ஆகாது சார். உள்ள இருக்கிறதும் சேர்ந்து வளரும்.”

அப்படியே போட்டார்கள்.

லால்குடியிலிருந்து சந்திரம்மாள் மகளைப் பார்த்துக்கொள்ள வந்து சேர்ந்தபோது பாசி பறங்கிக்காய் அளவுக்குத் திரண்டிருந்தது. வளவனுக்குப் பூரிப்புத் தாங்கவில்லை. வேலையிலிருந்து வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் அலமாரி முன்னால் மண்டிபோட்டு உட்கார்ந்துகொள்வான். “பாரு, எத்தனை பூச்சி ஓடுது பாரு. இதெல்லாம் மீனுக்குத் தீனி. வெலை கொடுத்து வாங்குவாங்க தெரியுமா.” யாழினி பார்த்தாள். கண்ணாடி முழுக்க வெள்ளைப் புள்ளிகள், தலைப் பேன் மாதிரி, விட்டுவிட்டு ஊர்ந்தன. நூல்களுக்கு நடுவே மயிர் மயிரான கால்களோடு இளஞ்சிவப்புப் புழுக்கள் நுழைந்து வெளியே வந்து மறுபடி நுழைந்தன. அவள் தலையைச் சொறிந்துகொண்டாள். இரண்டு கையாலும், நகத்தால், மண்டை எரிகிறவரை சொறிந்துகொண்டாள்.

நாற்றம் அப்போதுதான் வீட்டில் குடியேறியது. கருவாட்டுக் கூடை கழுவிய தண்ணீரும் பழைய செப்புக் காசும் வியர்த்த அக்குளும் சேர்ந்தால் எப்படி இருக்குமோ அப்படி. வளவன் மாலையில் தொட்டியின் கழிவு நுரை சேரும் கிண்ணத்தைக் கழுவும்போது வாஷ்பேசினில் தேயிலைச் சாய நிறத்தில் கொழகொழவென்று ஒன்று இறங்கும். என்ன தேய்த்தாலும் ஒரு பழுப்பு வளையம் போகாது. முதலில் அதுதான் நாறுகிறது என்று நினைத்தாள். அப்புறம் தலையணை உறையில் அந்த நாற்றம் வந்தது. சோற்றில் வந்தது. ஒருநாள் தலை குளித்துவிட்டு, சீயக்காய் மணத்தோடு கூந்தலை முன்னால் இழுத்துத் துவட்டும்போது, மூக்குக்கு நேராக, தன் நெஞ்சுக்குள்ளிருந்து வந்தது.

“எனக்கு ஒண்ணும் தெரியலையேடி,” என்றாள் சந்திரம்மாள். “வாயும் வயிறுமா இருக்கிறவளுக்குப் பூ கூட நாறும். உன் வயித்துல நானும் ஒரு ஆளு இருக்கேன்னு அது சொல்லுது.”

அன்று மாலை அம்மா ஜவ்வரிசிப் பாயசம் வைத்தாள். யாழினி கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, எதேச்சையாக அலமாரிப் பக்கம் திரும்பினாள். பாசி கண்ணாடியில் அழுந்திக்கொண்டிருந்தது. நூல்கள் விலகிய இடத்தில், நடு மையத்தில், உரித்த நுங்குச் சுளை மாதிரி ஒன்று தெரிந்தது. வெளுத்து, நீர் கோத்து, உள்ளே ஏதோ பால் நிறத்தில் கலங்கியபடி. அது சுருங்கியது. விரிந்தது. சுருங்கியது.

அவள் வயிற்றுக்குள் குழந்தை உதைத்தது.

மறுபடி சுருங்கியது. மறுபடி உதை.

கிண்ணத்திலிருந்த ஜவ்வரிசிகள் ஒவ்வொன்றும் தன்னைப் பார்ப்பதாக அவளுக்கு இருந்தது. கிண்ணத்தைத் தரையில் வைத்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு, அசையாமல் உட்கார்ந்திருந்தாள். எழுந்தால் அது பின்னாலேயே வரும் என்று தெரிந்தது. உட்கார்ந்திருந்தால் குழந்தை உதைக்கும் என்பதும் தெரிந்தது. எது தன்னை உட்கார வைத்தது என்று அவளால் சொல்ல முடியவில்லை.

வளவனைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவன் டார்ச் அடித்துப் பார்த்தான். “ஏதாவது முட்டைக்கூடா இருக்கும். நத்தை போட்டிருக்கும்,” என்றான். முட்டை என்ற சொல்லை அவன் சொன்ன விதத்தில் ஒரு சந்தோஷம் இருந்தது.

மறு வாரம் தில்லைநகரில் ஸ்கேன். ஆட்டோ காவிரிப் பாலத்தில் ஏறும்போது குழந்தையின் அசைவு நின்றது. யாழினி வயிற்றைத் தடவிக்கொண்டே வந்தாள். டாக்டரின் மேஜையில் படுத்து, வயிற்றில் குளிர்ந்த பசை தடவியபோது அந்த வழவழப்புக்கே உடம்பு கூசியது. டாக்டர் கருவியை இங்கும் அங்கும் நகர்த்தினார். கொஞ்சம் அதிகமாகவே நகர்த்தினார்.

“ஹார்ட் பீட் இருக்கு. கொஞ்சம் ஸ்லோவா இருக்கு. தூங்குறாப்ல. வெளிய போய் ஏதாவது ஜூஸ் குடிச்சிட்டு நடந்துட்டு வாங்க.”

சாத்துக்குடிச் சாறு குடித்தாள். நடந்தாள். படி ஏறி இறங்கினாள். மறுபடி பார்த்தார்கள். தூங்கிக்கொண்டேதான் இருந்தது. நாளைக்கு ஒருதடவை வந்து காட்டிவிடுங்கள் என்று டாக்டர் சொன்னார். ‘நாளைக்கு’ என்பதை அழுத்திச் சொன்னார்.

திரும்பும் வழியில் பாலத்தின் நடுவில், ஆட்டோவின் இடப்பக்கம் ராஜகோபுரம் தென்னைகளுக்கு மேலே எழுந்து நின்ற இடத்தில், குழந்தை ஒருமுறை புரண்டது. வீட்டுப் படிக்கட்டில் துள்ளியது. கதவைத் திறந்து கூடத்தின் ரோஸ் வெளிச்சத்துக்குள் காலை வைத்ததும் உதை உதை என்று உதைத்தது.

“பாத்தியா, வீட்டுக்கு வந்தவுடனே என்ன ஒரு சந்தோஷம்,” என்றாள் சந்திரம்மாள், மகள் வயிற்றைத் தொட்டு.

யாழினி அலமாரியைப் பார்த்தாள். பாசி இப்போது கண்ணாடியின் அகலம் முழுவதையும் அடைத்துக்கொண்டிருந்தது. காத்திருந்த மாதிரி இருந்தது.

அன்று வளவன் வந்ததும் கையைப் பிடித்துக்கொண்டாள். “எனக்கு அதைப் பார்க்க முடியலைங்க. எடுத்துடுங்க. சாகடிக்க வேணாம். இம்தியாஸ் பாய்கிட்டயே உயிரோட திருப்பிக் கொடுத்துடுங்க.”

அவன் முகம் வாடியது. ஆனாலும் மறுக்கவில்லை. பக்கெட்டில் உப்புத் தண்ணீர் எடுத்து வைத்தான். முழங்கைவரை சட்டையை மடித்து, தொட்டிக்குள் இரண்டு கையையும் விட்டு, பாசியை அடியோடு அள்ளினான். தண்ணீர் வடிய வடிய அது மேலே வந்தது. நூல்களின் முனையெல்லாம் அவன் கை மயிரோடு பின்னிக்கொண்டிருந்தன.

யாழினிக்கு அடிவயிற்றில் யாரோ கயிறு கட்டி இழுத்த மாதிரி இருந்தது. சுவரைப் பிடித்தாள். இரண்டாவது இழுப்பில் தொடை வழியே சூடாக ஒன்று இறங்கியது.

“போட்டுடுங்க,” என்றாள். “உள்ளயே போட்டுடுங்க.”

“நீதானே எடுக்கச் சொன்ன?”

“போட்டுடுங்க.”

போட்டுவிட்டான். தண்ணீரில் அது விழுந்த சத்தத்தோடு வலியும் நின்றது. நைட்டியில் ஒரு சின்ன ரத்தக் கறை, ஒரு குங்குமப் பொட்டளவுக்கு. அதை அவள் அம்மா பார்த்தாள், மருமகனையும் பார்த்தாள்.

“உயிரைக் கலைக்காதீங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே மாப்பிள்ளை.”

மறுநாள் டாக்டர் படுக்கையை விட்டு அசையக் கூடாது என்று சொல்லிவிட்டார். வெளியே போவது, மாடிப்படி, குனிவது எதுவும் கூடாது. படுக்கையறையில் படுத்தால் குழந்தை அடங்கிப்போகிறது. அதனால் யாழினி கூடத்திலேயே, சோபாவிலேயே படுத்தாள். தலையை அந்தப் பக்கம் வைத்தால் வாந்தி. காலை அந்தப் பக்கம் நீட்டினால், நூல்கள் கண்ணாடியைத் துழாவுவது உள்ளங்காலில் குறுகுறுத்தது. கண்ணாடியின் உட்புறம் பூனை நாக்கால் நக்கிய மாதிரி சுத்தமாக இருந்தது. வெள்ளைப் பூச்சிகள் ஒன்றையும் காணவில்லை. புழுக்களையும் காணவில்லை. நுங்கு மட்டும் இருந்தது. சுருங்கி, விரிந்து. உள்ளே கலங்கியிருந்த பால் நிறம் மெல்ல மெல்ல ஒரு பக்கமாகத் திரண்டு, வளைந்து, ஒரு வால் மாதிரியும் ஒரு தலை மாதிரியும் ஆகிக்கொண்டிருந்தது. அதைக் கண்கொண்டு பார்க்க அவளால் ஆகவில்லை. பார்க்காமல் இருக்கவும் ஆகவில்லை. அது நன்றாக இருந்தால் குழந்தை நன்றாக இருந்தது. அவ்வளவுதான் கணக்கு. ஏழாம் மாதம் வளைகாப்பு. அதுவரை. அதற்கப்புறம் இன்னும் கொஞ்ச நாள். பெற்று எடுத்துவிட்டால் அதை எங்கே வேண்டுமானாலும் வீசிவிடலாம் என்று நினைத்துக்கொள்வாள். நினைக்கும்போதே குழந்தை அசங்காமல் போகும். உடனே நினைப்பை மாற்றிக்கொள்வாள்.

ஒருநாள் மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலையில் மின்சாரத்தை நிறுத்தினார்கள். ஸ்ரீரங்கம் முழுக்க மாலைவரை கரண்ட் இல்லை. இன்வெர்ட்டர் கொஞ்ச நேரம் மோட்டாரை ஓட்டியது. பிறகு விட்டுவிட்டுக் கத்தியது. பிறகு அதுவும் ஓய்ந்தது.

அந்த முனகல் நின்ற பிறகுதான், இத்தனை நாளும் அது எவ்வளவு பெரிய சத்தமாக இருந்தது என்று தெரிந்தது. தண்ணீர் விழவில்லை. குமிழ் இல்லை. ரோஸ் வெளிச்சம் இல்லை. அடைத்த கூடத்தில் வெக்கை ஏறிக்கொண்டே வந்தது. சமையலறையில் அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த சத்தம் மட்டும், சரக், சரக் என்று.

யாழினி வளவனுக்குப் போன் போட்டாள்.

“தண்ணி ஓடலைங்க.”

“ஐயோ, இன்வெர்ட்டர் நின்னுடுச்சா? மேல மீன் ரெண்டும் தாங்கும். பாசிதான் தாங்காது. ஓட்டம் இல்லாம சூடாச்சுன்னா கரைய ஆரம்பிச்சுடும்.”

“கரைஞ்சா?”

“தண்ணியே கெட்டுடும். அத்தைகிட்டச் சொல்லி அள்ளி ஒரு பையில கட்டிடச் சொல்லு. நீ குனியாத, என்ன?”

“அது செத்துரும்.”

“பாசிதானே யாழினி.”

“அது செத்துரும்ங்க.”

“சரி, சரி. நான் பர்மிஷன் சொல்லிட்டுக் கெளம்புறேன். காட்டூர்லேர்ந்து பாலம் தாண்டி வரணுமே. நீ படு.”

அவள் படுத்தாள். நாற்றம் வந்தது. இதுவரை வந்தது அல்ல. அழுகிய முட்டை. அதற்கடியில் வேறொன்று, ஆஸ்பத்திரியில் போன தடவை ஒரு நர்ஸ் துணியால் மூடித் தூக்கிக்கொண்டு போன அந்த ட்ரேயின் வாடை.

குழந்தை அசையவில்லை.

வயிற்றைத் தட்டினாள். இடப்பக்கம் திரும்பினாள். வலப்பக்கம் திரும்பினாள். சோபா ஓரத்து டப்பாவிலிருந்து சர்க்கரையை அள்ளி வாயில் போட்டுக்கொண்டாள். இல்லை.

டாக்டர் வேண்டாம் என்று சொன்னதை மறந்து, தரையில் இறங்கி, நான்கு காலில் தவழ்ந்து அலமாரிக்குப் போனாள். கதவைத் திறந்தாள். தண்ணீர் கலங்கி, மேலே தோல் கட்டியிருந்தது. பாசி பச்சையாக இல்லை. பழுத்து, வெளுத்து, நூல் நூலாக விட்டு, அடியில் சளியாகப் படிந்துகொண்டிருந்தது. நடுவில் நுங்கு. அசையாமல்.

கையை உள்ளே விட்டாள். தோல் கிழிந்தது. வெதுவெதுப்பு. சளி விரலிடுக்கெல்லாம் ஏறியது. வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டாள். கையால் தண்ணீரை அலசினாள். ஓட்டம் வேண்டும். ஓட்டம். அலச அலச நூல்கள் அறுந்து கையோடு வந்தன. நுங்கு ஒருமுறை சுருங்கியது. வயிற்றில், எங்கேயோ அடியில், குழந்தை ஒருமுறை.

இரண்டும் நின்றன.

“அம்மா,” என்றாள். குரல் வரவில்லை.

நுங்கை உள்ளங்கையில் ஏந்தி எடுத்தாள். கனமே இல்லை. கண்ணிமையைத் தொட்ட மாதிரி இருந்தது. இதற்குத் தண்ணீர் வேண்டும். உப்புத் தண்ணீர். சூடு ஏறாத, ஓட்டம் நிற்காத தண்ணீர். மேல்தொட்டி நின்றுவிட்டது. கீழ்த்தொட்டி அழுகிவிட்டது. கரண்ட் மாலையில் வரும். வளவன் பாலம் தாண்டி வருவான். அந்த வீட்டில் ஓட்டம் நிற்காத தண்ணீர் ஒன்றே ஒன்று இருந்தது.

தன் வயிற்றைக் குனிந்து பார்த்தாள்.

இல்லை.

வேண்டாம்.

நுங்கு அவள் கையில் வற்றிக்கொண்டிருந்தது. தோல் சுருங்கியது. உள்ளே இருந்த வால் துடித்தது. அடங்கியது.

குழந்தை இல்லை. அசைவு இல்லை. போன தடவை. அதற்கு முந்தைய தடவை.

வாயைத் திறந்தாள்.

முதலில் நாக்கில் உப்பு. பிறகு கொழுப்பு. நூல்கள் உதட்டில், ஈறில், அண்ணாக்கில் ஒட்டின. பல்லில் படாமல் இருக்க வாயை அகலத் திறந்து வைத்துக்கொண்டாள். கண்ணில் நீர் கொட்டியது. விழுங்க வேண்டியிருக்கவில்லை. நாக்கின் மேல் ஒரு கணம் நின்றது. வழியைத் தேடியது. தானாக இறங்கியது.

“என்னடி சத்தம்?” சமையலறையிலிருந்து அம்மா கேட்டாள். “ஏதாவது சாப்புடுறியா?”

“ம்.”

“சாப்புடு, சாப்புடு. எத்தனை நாளாச்சு நீ வாய் வச்சு.” சரக், சரக். கீரை உருவும் சத்தம்.

யாழினி அலமாரியில் சாய்ந்து உட்கார்ந்தாள். உதட்டோரம் தொங்கிய ஒரு நூலை எடுக்கவில்லை. சளி காயும் கையை வயிற்றில் வைத்துக் காத்திருந்தாள்.

உதை.

வலுவான உதை. உயிர். அவள் சிரித்தாள். மூக்கு ஒழுக, வாய் நாற, சத்தமில்லாமல் சிரித்தாள். இடப்பக்கம், விலாவுக்குக் கீழே, குழந்தையின் குதிகால் அவள் உள்ளங்கையில் முட்டியது.

பிறகு வலப்பக்கம், அடியில், மெல்ல ஒன்று விரிந்தது. உதையாக அது இல்லை. சுருங்கி விரிந்து, சுருங்கி விரிந்து, சுவரைத் துழாவிக்கொண்டே மேலே வந்தது.

குழந்தை இடப்பக்கமாக ஒதுங்கியது. முதுகு தெரிந்தது. முழங்கால் தெரிந்தது. தோலுக்கு அடியில் ஒரு சின்ன முஷ்டி, வெளியே வரத் தட்டுவது மாதிரி, அவள் கையில் தட்டியது. இன்னும் ஒதுங்கியது.

அதற்கு மேல் ஒதுங்க அங்கே இடம் இருக்கவில்லை.